ஓரியின் அம்பும் உடும்பின் புற்றும்

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே ஏறுவது வழக்கம். நானும் எண்ணினேன், நாற்பதுக்கு மேல் தலை சுற்றியதில் கணக்குத் தவறிவிட்டது. ஆனால் என் மனத்தில் அன்று சுற்றிக்கொண்டிருந்தது மலைச் சாலை அல்ல, புறநானூற்றின் 152-ம் பாட்டு. அந்த மலைக்குத் தலைவனாக இருந்த வல்வில் ஓரியின் வேட்டையைப் பற்றி வன்பரணர் பாடியது.

பாட்டின் விஷயம் பலருக்கும் தெரிந்ததுதான். ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, கடைசியில் பக்கத்துப் புற்றில் கிடந்த உடும்பின் மேல் போய்த் தைக்கிறது. "இது நடக்கிற காரியமா?" என்று கேட்பார்கள். உயர்வு நவிற்சி என்று சொல்லி வாத்தியார் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். நானும் வெகுகாலம் அப்படித்தான் கடந்து வந்தேன். அம்பைப் பற்றிக் கேட்டோமே தவிர, அது துளைத்த உடல்களைப் பற்றி நாம் கேட்கவில்லை.

பிராணிகள் வருகிற வரிசையைப் பாருங்கள். பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடிகிறது. அது மட்டுமல்ல, ஒவ்வொன்றும் உயிர் பிழைக்க ஒரு வழி வைத்திருக்கிறது. யானைக்கு அதன் பருமனே காவல். புலிக்கு அதன் பிளந்த வாய். மானுக்குக் கால். உரலைப் போன்ற தலையோடு முட்டிக்கொண்டு போகிற பன்றிக்கு அந்தத் தலை. உடும்புக்கோ புற்று. ஐந்து உடல்கள், ஐந்து தந்திரங்கள். அத்தனையையும் ஓர் அம்பு தோற்கடித்தது என்பதில்தான் ஓரியின் புகழ் இருக்கிறது. புலியின் வாயையும் பன்றியின் தலையையும் உடும்பின் புற்றையும் புலவர் சும்மா அடைமொழிக்காகப் போடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

உடல் அளவுக்கும் பிழைப்புக்கும் உள்ள உறவைப் பற்றி ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1926-ல் ஓர் அருமையான கட்டுரை எழுதினார். பிற்காலத்தில், 1957-ல், இந்தியாவுக்கே வந்து குடியேறி, 1964-ல் புவனேசுவரத்தில் காலமானவர் அவர். அவர் விளக்குகிற கணக்கு எளியது. ஒரு பிராணியின் உயரம் அகலம் நீளம் மூன்றும் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகிறது. எடையைத் தாங்கும் எலும்பின் குறுக்களவோ நாலு மடங்குதான் ஆகிறது. ஆகவே பெரிய பிராணி சின்னப் பிராணியின் பெருக்கிய படமாக இருக்க முடியாது. அதற்குத் தூண் மாதிரிக் கால் வேண்டும்; அந்தக் காலுக்குத் துள்ளல் கிடையாது. தாய்லாந்து யானைகளை ஓடவிட்டு அளந்து 2003-ல் வெளியிட்டார்கள். மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் வரை வேகம் எடுத்த யானைகூட நாலு காலையும் ஒரே சமயத்தில் தரையிலிருந்து எடுக்கவில்லையாம். கென்யாவில் யானைகளின் நடமாட்டத்தைத் தொடர்ந்து கவனித்தவர்கள், அவை செங்குத்தான குன்றுகளைக் கூடியவரை ஒதுக்கிவிட்டே போகின்றன என்று 2006-ல் எழுதினார்கள். அத்தனை எடையை மேலே தூக்கிச் செல்ல ஆகிற செலவு அதற்குக் கட்டுப்படியாகாது.

உடும்பு இதற்கு நேர் எதிர்க் கோடி. பல்லி இனம் உடம்பை இருபுறமும் வளைத்து ஓடுவதால், ஓடும்போது மூச்சு வாங்குவது அதற்குச் சிரமம். உடும்பு மட்டும் தொண்டையால் காற்றை நுரையீரலுக்குள் தள்ளி அந்தச் சங்கடத்தைச் சமாளிக்கிறது என்று 1999-ல் கண்டார்கள். அதன் நகத்தின் வலிமைக்கோ ஆராய்ச்சி தேவையில்லை. 'உடும்புப் பிடி' என்ற நம் பேச்சே சாட்சி.

வன்பரணரிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மானின் கொம்பு துளையுள்ளது என்று உரை வழியாகப் பொருள் கொள்கிறோம். புள்ளிமானின் கொம்பு கெட்டியானது. ஆண்டுதோறும் விழுந்து முளைப்பது. உள்ளே குடைவுள்ள கொம்பு வெளிமான் சாதிக்கு உரியது. தவறு புலவருடையதா, உரையுடையதா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் பிராணியின் உடலை உற்றுப் பார்க்கத் துணிந்தவரிடம்தான் இப்படி ஒரு தவற்றையாவது கண்டுபிடிக்க முடியும். நம் கதைகளில் வரும் பிராணிகளிடம் அதுகூட முடியாது. அவற்றுக்கு உடம்பே இல்லை. தோலைப் போர்த்துக்கொண்ட மனிதர்களாகக் கோபித்து, நன்றி பாராட்டி, பழி வாங்கிவிட்டுப் போகின்றன.

ஜிம் கார்பெட் 1944-ல் வெளியிட்ட குமாவூன் புலிகளைப் பற்றிய நூலை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பாவத்தில் அவர் 1907-ல் சுட்ட பெண்புலி 436 பேரைக் கொன்றது என்பது கணக்கு. அதை ராட்சசி ஆக்கியிருந்தால் யாரும் ஆட்சேபித்திருக்க மாட்டார்கள். கார்பெட் அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கத்துக் கோரைப் பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாத வாய் மனிதனைத் தேடியிருக்கிறது. அந்த உடைந்த பல்லைக் கண்டபின் புலியின் மேல் பயமும் இரக்கமும் ஒருங்கே வருகின்றன. பழிவாங்கும் புலி நமக்கு இதைத் தராது.

கொல்லிமலையில் இன்று யானையும் இல்லை, புலியும் இல்லை. வளைவுகளில் குரங்குகள் இருக்கின்றன. அவசரமாகத் தின்பண்டத்தைக் கன்னப் பையில் அடக்கிக்கொண்டு மரத்துக்குத் தாவுவதற்கென்றே அமைந்த உடம்பு அது. இப்போது பிரயாணிகள் எறிகிற பொட்டலத்துக்காகச் சாலையில் தாவுகிறது. மரத்தில் அதைக் காப்பாற்றிய அதே துள்ளல், வளைவில் திரும்பி வரும் வண்டியின் முன்னே அதைக் கொண்டுபோய் விடுகிறது. உடம்பு மாறவில்லை, இடம் மாறிவிட்டது. இதை எழுதுவதற்கு அந்தக் குரங்கை அழவைக்க வேண்டியதில்லை.

உபதேசம் செய்ய எனக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். என் முதல் நாவலில் மதம் பிடித்த யானை ஒன்று அகழியைத் தாண்டிப் போய் வில்லனை மிதிக்கும். மலையடிவாரத்து வாசகர் ஒருவர் எழுதினார்: "ஐயா, யானை தாண்டுமானால் நாங்கள் காட்டோரத்தில் அகழி வெட்டுவது எதற்கு?" அந்தக் கடிதத்தைப் பல விமரிசனங்களைவிட உயர்வாக வைத்திருக்கிறேன். இரண்டாம் பதிப்பில் அந்த அத்தியாயத்தைத் திருத்தினேன். இப்போது யானை கரையில் நின்று துதிக்கையால் விளிம்பு மண்ணைத் தடவிப் பார்க்கிறது. தாண்டாது என்பது அதற்குத் தெரியும். எதிர்க் கரையில் நடுங்கிக்கொண்டு நிற்கிறவனுக்குத் தெரியாது.