பங்குச் சந்தைச் செய்திகளில் உயர்வு நவிற்சி

நாளிதழ்களின் வணிகப் பக்கங்களைத் தமிழ் ஆய்வாளர் பெரிதும் நோக்குவதில்லை. ஆயினும், இற்றைச் செய்தி உரைநடையில் அணியாட்சி மிக்க பகுதி யாது எனின், அப்பக்கங்களையே சுட்டுதல் தகும். பங்கு விலை ஏறிய மறுநாட் காலையில் 'வரலாறு காணாத உச்சம்', 'காளையின் பாய்ச்சல்', 'கிடுகிடு உயர்வு' என்னும் தொடர்கள் தலைப்பில் நிற்கும். (நடுக்கத்திற்கும் பள்ளத்திற்கும் அடையாய் வழங்கிய 'கிடுகிடு' விலையேற்றத்தையும் சார்ந்தமை தனியே ஆராயத் தக்கது.) இச்சொல்லாட்சியின் இயல்பினை ஈண்டு ஆராய்வாம்.

காளை, கரடி என்பன ஆங்கில வணிக வழக்கின் மொழிபெயர்ப்புகள். மூலத்தில் அவை ஏற்றத்தையும் இறக்கத்தையும் குறிக்கும் இணைச் சொற்கள். தமிழிலோ இரண்டும் ஒரு நிறையின அல்ல. காளை பாலைத் தலைவனுக்குப் பெயராயிற்று. ஏறுதழுவலால் வீரத்தொடும் இயைந்தது. கரடியோ 'கரடி விடுதல்' என்னும் வழக்கில் பொய்யொடு சேர்ந்தது. ஆகவே, தமிழில் ஏற்றம் புகழாகவும் இறக்கம் இகழாகவும் சொல்லளவிலேயே அமைந்துவிடுகின்றன. ஆங்கில வழக்கிலும் இவ்வடை தீங்கற்றதன்று. 1992 தொடக்கத்தில் ஏறத்தாழ 2,000 ஆக இருந்த சென்செக்ஸ் ஏப்ரலில் 4,400ஐக் கடந்தது. அவ்வேற்றத்தின் நாயகராகக் கருதப்பட்ட ஹர்ஷத் மேத்தாவை இதழ்கள் 'பெருங்காளை' எனப் போற்றின. அவ்வேற்றத்திற்கு வங்கிப் பணம் முறைகேடாகப் பயன்பட்டமை அம்மாதமே வெளிப்பட்டது.

எனினும், இவ்வணிச் சொற்களினும் பெரிய குறை வேறொன்று உண்டு என்பது எம் கருத்து. அதிசய அணிக்கும் உலக வரம்பு கடவாமையைத் தண்டியலங்காரம் வேண்டும். அணி தன்னை அணியென்றே காட்டிக்கொள்வது. பாய்ச்சல் எனக் கேட்பவன் விலங்கொன்று பாய்ந்ததாகக் கொள்ளான். அணியெனத் தோன்றாத எண்ணும் எளிய வினைச்சொல்லுமே அவனை மயக்குவன.

எண்ணை நோக்குவாம். மக்களவைத் தேர்தல் முடிவை அடுத்து, 2009 மே 18 அன்று சென்செக்ஸ் 2,110 புள்ளி உயர்ந்தது. வணிகமே அன்று நிறுத்தப்பட்டது. வாக்குக் கணிப்புகளை அடுத்து, 2024 சூன் 3 அன்று 2,507 புள்ளி உயர்ந்தது. புள்ளியை மட்டும் நோக்குவார்க்குப் பின்னதே பெரிது. விழுக்காட்டில் முன்னது 17க்கு மேல், பின்னது 3.4 அளவினதே. 1978-79ஆம் ஆண்டை 100 எனக் கொண்டு தொடங்கிய குறியீடு வளர வளர, ஒரு புள்ளியின் பெறுமதி சுருங்கும். 4,000இல் நிற்கையில் ஆயிரம் புள்ளி நான்கில் ஒரு பங்கு, 76,000இல் 1.3 விழுக்காடே. அடிப்படை கூறாது புள்ளியை மட்டும் தலைப்பிடுவது எண்ணால் செய்த உயர்வு நவிற்சி ஆகும்.

வினைச்சொல் இன்னும் நுண்ணிது. 'முதலீட்டாளர் ஒரே நாளில் பல இலட்சம் கோடி ஈட்டினர்' என்பது வழக்கமான தொடர். இத்தொகை, இறுதியில் விற்ற விலையால் பங்குகள் அனைத்தையும் பெருக்கிப் பெறுவது. அவற்றுள் மிகப் பெரும்பகுதி அன்று கைம்மாறியதே இல்லை. விற்காதவன் ஈட்டியது யாது? மறுநாள், சூன் 4 அன்று, குறியீடு 4,389 புள்ளி வீழ்ந்தது. ஏறத்தாழ 31 இலட்சம் கோடி உரூபாய் 'இழந்தனர்' என்று எழுதினர். முதல்நாள் ஈட்டாததை மறுநாள் இழந்தது யாங்ஙனம்? உண்மையில் கைப்பொருள் இழந்தவர், ஏற்றத்தில் வாங்கி வீழ்ச்சியில் அஞ்சி விற்றவர். அவர்தம் தொகை அச்செய்தியில் தனியே தோன்றுவதில்லை. 'ஈட்டினர்' என்னும் சொல்லை நம்பி வாங்கினாரும் அவருள் இருத்தல் கூடும்.

தலைப்பிற்குச் சுருக்கமும் கவர்ச்சியும் வேண்டும் என இதழாசிரியர் கூறுவர். கவர்ச்சியை மறுப்பேம் அல்லேம். காளை வேண்டுமாயின் பாயட்டும். ஆனால், '3.4 விழுக்காடு' என்பது '2,507 புள்ளி' என்பதினும் மிகுதியான இடம் கொள்வதன்று. 'மதிப்பு ஏறியது' என்பதும் 'முதலீட்டாளர் ஈட்டினர்' என்பதினும் நீண்டதன்று.