எந்த எட்டுக் கொடிகள்?

பாகலில் ஒட்டு சேர்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மறுநாள் விரியப்போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் மாலையிலேயே பட்டர் பேப்பர் பையால் மூடிவிடுவார்கள். விடிந்ததும் ஆண் பூவின் இதழை விலக்கி, பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தேய்த்து, மறுபடி பையைக் கட்டி, காம்பில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. ஆண் பூ வேறு, பெண் பூ வேறு என்பதால், கத்தரியில் செய்வதுபோல மகரந்தப்பையைக் கிள்ளி எடுக்கும் பாடும் இல்லை. அந்த அட்டையில் எந்த இரண்டு பெயர்களை எழுதுவது என்பதில்தான் சிக்கலே.

நன்றாகக் காய்க்கும் இரண்டு கொடிகளைச் சேர்த்தால் பிள்ளையும் நன்றாகக் காய்க்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பாகல் அந்தக் கணக்குக்கு எளிதில் மடிவதில்லை. காய் எண்ணிக்கை கூடினால் காய் எடை குறைகிறது. எடையைத் துரத்தினால் எண்ணிக்கை நழுவுகிறது. ஆண் பூக்கள் கொத்தாகக் கொட்ட, பெண் பூ எங்கோ ஒன்று தலைகாட்டும் செடி இது. அதனால்தான் பெற்றோரை அவற்றின் தோற்றத்தால் மதிக்காமல், பல துணைகளோடு கலந்து, வாரிசுகளின் விளைச்சலை வைத்து மதிக்கும் இணைப்புத் திறன் சோதனை வந்தது. கண்ணின் ஏமாற்றத்துக்கு இதைவிட நல்ல மருந்தை நான் அறியேன்.

நல்ல ஒட்டு எவ்வளவு தரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2001-இல் வெளியிட்ட கோபிஜிஓஎச் 1 வீரிய ஒட்டு, எம்.சி. 84, எம்.டி.யு. 1 என்ற இரண்டு பாகல் பெற்றோர் சேர்ந்தது. எம்.டி.யு. 1, காமா கதிரால் கிடைத்த மாற்றுரு; நீண்ட, கனத்த காய். எக்டருக்குச் சுமார் 32 டன் என்பது அதன் வெளியீட்டுக் கணக்கு. ஒட்டுக்கோ சுமார் 44 டன். துடியலூர் வகையிலிருந்து தேர்ந்தெடுத்த பழைய கோ 1-க்கு 14 டன்தான். மலைக்க வைக்கும் ஏற்றம். ஆனால் இவை வெவ்வேறு காலத்து வெளியீடுகளின் எண்கள். ஒரே பந்தலில் அருகருகே வைத்து அளந்தவையாக இவற்றைப் படித்துவிடக் கூடாது.

இணைப்புத் திறன் சோதனையில் என் முதன்மையான குறை வேறு. எட்டுப் பெற்றோரை ஒன்றோடொன்று கலந்தால் 28 ஒட்டுகள், பத்தானால் 45. ஒவ்வொன்றுக்கும் பந்தல், ஆள், தண்ணீர் வேண்டும். ஆகவே விதை அறையில் இருக்கும் பல நூறு பாகல்களில் ஒரு கைப்பிடிதான் சோதனைக்கு வரும். ஒரு பெற்றோர் எல்லாத் துணைகளோடும் சராசரியாக எப்படிச் சேர்கிறது என்று சொல்லும் பொது இணைப்புத் திறன் என்ற மதிப்பெண்ணோ அந்தக் கைப்பிடியின் சராசரியோடு ஒப்பிட்டுத் தரப்படுவது. துணைகளை மாற்றினால் மதிப்பெண்ணும் மாறும். சோம்பேறி வகுப்பில் முதல் மாணவன் கதைதான். உண்மையான தேர்வு, அந்த எட்டை எடுத்த அன்றே முடிந்துவிடுகிறது. அதற்குக் கணக்கு கிடையாது. கைக்கு எட்டியது, ஏற்கெனவே பெயர் வாங்கியது என்பவையே பெரும்பாலும் அளவுகோல். சிறுகாய் மிதிபாகல் அங்கேயே கழிந்துவிடும். கலந்தால் காய் சிறுத்துப்போகும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனாலும் அதனிடம் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கழிக்கிறோம்.

அளப்பதிலும் ஒரு கோணல் உண்டு. கொடிக்கு எத்தனை கிலோ என்பது சோதனை அட்டவணையின் முதல் பத்தி. மஞ்சள் தேமலைத் தாங்குமா, பழ ஈ எவ்வளவு குத்தும் என்பவை கடைசிப் பத்தி. ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் சாக்கில் கட்டிப் போகும் காயின் முள் நசுங்கிக் கறுத்தால் விலை விழும். முள்ளின் உறுதியை எடை போடும் தராசு ஆய்வுப் பந்தலில் இல்லை.

வாரணாசியிலும் டெல்லியிலும் கண்டெடுத்த, பெண் பூ மட்டுமே பூக்கும் வரிசைகளைத் தாயாக வைப்பது நல்ல திருப்பம். விதை வயலில் தாய்க் கொடியின் ஆண் மொட்டைக் கிள்ளும் கூலி மிச்சமாவதால் விதை உற்பத்திச் செலவு குறையும். ஆனால் அந்தக் குணம் ஒடுங்கு மரபணுவால் வருவது. சாதாரணத் தந்தையோடு சேர்ந்த ஒட்டு முழுப் பெண்ணாக இராது. பெண் பூ கூடுவதே லாபம். அதுவும் எந்தத் தந்தையோடு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. பேச்சு மறுபடி அட்டைக்கே வந்துவிடுகிறது.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: வென்ற ஒட்டின் விளைச்சலை அச்சிடும் தாளில், சோதனைக்கே வராமல் கழிந்த பெற்றோர் எவை, ஏன் கழிந்தன என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்.