பந்தயக் குதிரையும் பட்டினிப் பையனும்

பந்தயம் முடிந்ததும் எடுக்கப்படும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். வென்ற குதிரையின் கடிவாளத்தைப் பற்றியபடி உடைமையாளர் நிற்பார்; சீமாட்டி ஒருத்தி வெள்ளிக் கோப்பையை நீட்டுவார். விடியுமுன் எழுந்து சாணம் அள்ளியவன், குளம்பு துடைத்தவன், குதிரைக்கு வயிற்றுநோவு கண்ட இரவில் கொட்டடியிலேயே கண்விழித்துக் கிடந்தவன் எங்கே? படத்தின் ஓரத்தில் பாதி முகமாக இருந்தால் உண்டு. இல்லையேல் அதுவும் இல்லை! அந்த ஓரத்து முகத்தை இலக்கியம் எப்போதேனும் நடுவே கொணர்ந்ததுண்டா என்று கேட்பீர்களாயின், ஆங்கிலத்தில் ஒரு நூலைச் சுட்டலாம். ஜார்ஜ் மூர் எழுதி 1894-இல் வெளிவந்த ‘எஸ்தர் வாட்டர்ஸ்’. சுட்டலாம் என்றேனே தவிர, முழுமனத்தோடு சுட்டுவதாகக் கூறவில்லை.

மூர், அயர்லாந்தின் மேயோ மாவட்டத்து நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை. தந்தையார் பந்தயக் குதிரைகள் வைத்திருந்தவர். 1846-இல், உருளைக்கிழங்குப் பயிர் அழுகி நாடே பஞ்சத்தில் துடித்த காலத்தில், அவருடைய ‘கொரானா’ என்னும் குதிரை செஸ்டர் கோப்பையை வென்றது. கிடைத்த பெரும்பணத்தில் ஒரு பகுதியைத் தம் குடியானவர்களின் பசி தீர்க்கச் செலவிட்டார். நல்ல செயல்தான், மறுப்பாரில்லை. ஆனால் ஒரு வட்டாரத்தின் வயிறு ஒரு குதிரையின் கால்களை நம்பித் தொங்கிய விந்தையை எண்ணிப் பாருங்கள்! கொரானா இரண்டாவதாக வந்திருந்தால்?

1861-இல் அதே வீட்டுக் குதிரையான ‘குரோ பேட்ரிக்’ குட்வுட் திடலில் ஸ்டூவர்ட்ஸ் கோப்பையை வென்றபோது மூருக்கு வயது ஒன்பது. நாவலில் ‘சில்வர் பிரெய்டு’ வெல்வதும் அதே திடலில், அதே கோப்பையைத்தான். லாயத்தின் மணமறிந்தவர் எழுதிய நூல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத ஏழைப்பெண் எஸ்தர், உட்வியூ என்னும் பண்ணை மாளிகைக்குச் சமையற்கட்டு வேலைக்கு வருகிறாள். அவ்வீட்டில் எல்லாமே குதிரைதான். எசமானர் முதல் எடுபிடி வரை அனைவருக்கும் பேச்சு குதிரை, மூச்சு குதிரை, கனவு குதிரை. சமையற்காரியின் மகன் வில்லியம் அவளைக் கருவுறச் செய்து கைவிட்டுப் போகிறான். வீட்டை விட்டு அவள் வெளியேற்றப்படுகிறாள். இவ்வளவுக்கும் மேலாக ஒருத்தி வாழ்ந்து காட்டினாள் என்று எழுதியதே அன்று குற்றமாயிற்று. டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனத்தின் வாடகை நூலகம் இந்நூலை அடுக்க மறுத்தது. முதுபெரும் அரசியல்வாதி கிளாட்ஸ்டன் நூலைப் போற்றிய பின்னரே நாகரிகச் சீமான்களின் கூச்சம் தெளிந்தது.

இனி லாயத்துக்குள் நுழைவோம். பந்தயத்தில் ‘ஹாண்டிகாப்’ என்று ஒரு முறை உண்டு. நல்ல குதிரைக்குக் கூடுதல் எடை, நலிந்த குதிரைக்குக் குறைந்த எடை என்று நடுவர் விதிப்பார். வாய்ப்பு சமமாக வேண்டுமாம்! எடை குறைவாக விதிக்கப்பட்ட குதிரைக்கு அந்த எடைக்குள் அடங்கும் மனிதன் வேண்டுமே? எனவே பையன்களைத் தேடுகிறார்கள். நாவலில் ‘டீமன்’, அதாவது பேய், என்று பட்டப்பெயர் சூட்டப்பட்ட சிறுவன் ஒருவன் வருகிறான். குதிரைக்கு ஓட்ஸ் அளந்து போடப்படுகிறது, அது வலுக்க வேண்டும் என்பதற்காக. பையனுக்கு உணவு அளந்து குறைக்கப்படுகிறது, அவன் வற்ற வேண்டும் என்பதற்காக! கனத்த அங்கிகளை அணிவித்து நடக்கவிட்டு, வியர்வையாக அவன் உடலைக் கரைக்கிறார்கள். சமமான வாய்ப்பு குதிரைகளுக்குத்தான் போலும்.

இது கதாசிரியரின் கற்பனை அன்று. பிரெட் ஆர்ச்சர் என்பவர் பதினோராவது வயதில் நியூமார்க்கெட் லாயமொன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். பதின்மூன்று ஆண்டுகள் பிரிட்டனின் முதன்மைச் சவாரிக்காரர், 2,748 வெற்றிகள், ஐந்து முறை டெர்பி வென்றவர். உயரமான மனிதர். அந்த உடலைப் பந்தய எடைக்குள் அடக்கப் பட்டினியும் பேதி மருந்துமே அவருக்குத் துணை. 1886 இலையுதிர் காலத்தில் கேம்பிரிட்ஜ்ஷயர் பந்தயத்துக்காக மெய் வாட்டி, குதிரையின் தலையளவு இடைவெளியில் தோற்றார். நவம்பர் 8-ஆம் நாள், காய்ச்சலில் கிடந்தவர் கைத்துப்பாக்கியால் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 29. புகழின் உச்சியில் நின்றவருக்கே இந்நிலை என்றால், பெயரற்ற பையன்களின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆர்ச்சர் மறைந்து எட்டாண்டு கழித்து வெளியான நூலில், டீமனின் பட்டினி பெரும்பாலும் வேலைக்காரர் மேசையின் வேடிக்கைப் பேச்சாகவே கழிகிறது. வெற்றி வந்ததும் ஊரெங்கும் பொற்காசு புரள்கிறது, நடனம் நடக்கிறது. பிறகு கதை எஸ்தரைப் பின்பற்றி லண்டனுக்குப் போய்விடுகிறது. லாயம் பின்னால் நின்றுவிடுகிறது. அங்கே வேலை செய்தவன் வாரத்துக்கு என்ன வாங்கினான், உடல் பெருத்துச் சவாரிக்கு உதவாமற்போன பின் எங்கே போனான் என்பவற்றை மூர் தொடரவில்லை. என் முதன்மையான குறை இதுதான்.

ஆனால் லண்டன் பகுதியை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. வில்லியம் திரும்பி வந்து எஸ்தரை மணக்கிறான். சோகோ பகுதியில் மதுக்கடை நடத்தி, மறைவில் பந்தயப் பணம் வாங்குகிறான். அக்கடைக்கு வருவோரில் இருவரைப் பகுத்தறிவாளர் மறக்கவே மாட்டார். கெட்லி என்பவன் சகுனம் பார்த்துப் பணம் கட்டுகிறான். காதில் விழுந்த சொல், கண்ட கனவு எல்லாம் அவனுக்குக் குதிரையின் பெயராகத் தெரிகிறது. ஜர்னிமேன் என்பவனோ கணக்குப் புலி! எடைகளையும் பழைய ஓட்டங்களையும் கூட்டிக் கழித்துப் பார்த்தே கட்டுவான். ஒருவனை ஒருவன் ஏளனம் செய்கிறார்கள். கெட்லி இறுதியில் அதே கடையில் தன் கழுத்தை அறுத்துக்கொள்கிறான். கணக்குப் புலியும் செல்வனாகிவிடவில்லை. மூடநம்பிக்கை மட்டும்தான் ஏழையை ஏய்க்கும் என்று நாம் எண்ணிவிடக்கூடாது என்பதற்கு இவ்விருவரையும் அருகருகே நிறுத்தியதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

பந்தயத்துக்காகத் திருடிய சாரா என்னும் வேலைக்காரிக்குத் தண்டனை வழங்குமுன், வயிறார உண்டு வந்த நீதிபதி சூதாட்டத்தின் தீமை பற்றி உரை நிகழ்த்துகிறார். 1853-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைகள் பணம் கட்டும் பந்தயக் கடைகளைத் தடுத்தது. சீமான்கள் தம் சங்கங்களிலும் திடலிலும் கட்டுவதைத் தடுக்கவில்லை. மூரின் பேனா இங்கே சாட்டையாகிறது.

நம் நாட்டிலும் இதற்கொரு எதிரொலி உண்டு. 1974-இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொணர்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996-இல் குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்த விளையாட்டே, சூதன்று என்று தீர்ப்பாயிற்று. இருக்கட்டும். அந்தத் திறமையில் பழக்கியவன், சவாரி செய்தவன் ஆகியோரின் பங்கு பெரிது அன்றோ? திறமை அவர்களுடையது என்றால், அதற்குரிய பங்கும் அவர்களைச் சேர வேண்டும் என்று எவரேனும் வழக்காடினார்களா?

வழக்காடவில்லை, ஆனால் இங்கிலாந்தில் போராடினார்கள். 1975-இல் நியூமார்க்கெட் லாயத் தொழிலாளர் வாரத்துக்கு 4.70 பவுன் கூடுதலாகக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆயிரம் கினி பந்தய நாளில் ஓடுபாதையை மறித்தார்கள். புகழ்பெற்ற சவாரிக்காரர் வில்லி கார்சன் குதிரையிலிருந்து இழுக்கப்பட்டார். கனவான்கள் சிலர் கைகலப்பில் இறங்கினார்கள்! ஜூலையில் ஊதிய உயர்வோடு போராட்டம் முடிந்தது. இலட்சக்கணக்கில் விலைபோகும் குதிரையைக் கண்ணெனக் காத்தவர்கள் கேட்டது ஐந்து பவுனுக்கும் குறைவு.

மூருக்கு இப்படியொரு குரலைக் கேட்கும் செவி இல்லை என்று சொல்லிவிட முடியாது. நூலின் நடுப்பகுதியைப் பாருங்கள். எஸ்தர் வாரம் 15 ஷில்லிங்குக்குச் செல்வச்சீமாட்டியின் குழந்தைக்குப் பாலூட்டும் வேலையில் அமர்கிறாள். அவள் பெற்ற பிள்ளையோ கூலிக்குக் குழந்தை பார்ப்பவளிடம் நலிகிறது. தனக்கு முன் அவ்வீட்டில் பாலூட்டிய இருவரின் குழந்தைகளும் மாண்டன என்று அறிந்ததும் கொதித்தெழுகிறாள். ஒரு பிள்ளை கொழுக்க இரு பிள்ளைகள் சாவதா என்று எசமானியின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு, வேலையை உதறித் தன் மகனிடம் ஓடுகிறாள். எழுத்தறியாத அவள் வாயிலிருந்து வரும் அந்த நியாயம், குதிரை கொழுக்கப் பையன் வற்றிய உட்வியூ லாயத்துக்கும் அப்படியே பொருந்தும். பாலூட்டும் அறையில் கேட்கவைத்த கேள்வியை மூர் லாயத்தில் கேட்கவைக்கவில்லை. நிலக்கிழார் வீட்டுப் பிள்ளைக்குத் தந்தையின் குதிரைகள் மீதிருந்த பாசமே காரணம் என்பது என் ஊகம். எனினும் அந்த அத்தியாயத்துக்காகவே, நூலகத்தில் கிடைத்தால் இந்நூலை எடுத்துப் படியுங்கள்; முதலில் அதைப் படித்துவிட்டுப் பிறகு லாயத்துப் பக்கங்களுக்குத் திரும்புங்கள்.