மகிழ்மதி கூடத்துக்கு வந்தபோது

ஒரு கதைக்கு இரண்டாம் பாகம் எழுதுகிறவனின் நிலைமை கடன்பட்டவனின் நிலைமைதான். முதல் பாகம் வெளிவந்த அன்றே வட்டி ஏறத் தொடங்கிவிடுகிறது. வாசகன் தெருவில் மடக்கி, "அப்புறம் என்ன ஆச்சு சார்?" என்று கேட்கும்போதெல்லாம் கடன்காரன் வாசலில் வந்து நிற்பதாகவே எனக்குத் தோன்றும். எனக்கே ஒரு தடவை அந்த அனுபவம் உண்டு. அதை இங்கே விவரிக்கப் போவதில்லை. அந்த இரண்டாம் பாகத்தை நான் எழுதாமலேயே தப்பித்துக்கொண்டேன்.

ராஜமௌலி அப்படித் தப்பிக்கவில்லை. 'பாகுபலி'யின் முதல் பாகம் 2015 ஜூலை 10-ல் வெளிவந்தது. விசுவாசமே உருவான கிழவன் ஒருவன், தான் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளையை முதுகில் குத்துகிறான். அத்துடன் படம் முடிகிறது. ஏன் குத்தினான் என்பதற்கு விடை 2017 ஏப்ரல் 28-ல்தான் கிடைத்தது. இருபத்தோரு மாதம்! அந்த இருபத்தோரு மாதமும் நாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்காத டீக்கடை கிடையாது. வட்டியும் முதலுமாகச் சேர்ந்த கடன் அது.

அதை அவர் தீர்த்தாரா என்பதுதான் விஷயம். இதற்கு நான் இரண்டு தீர்ப்பு வைத்திருக்கிறேன். ஒன்று, 2017-ல் திண்டுக்கல்லில் ஒரு கொட்டகையில், விசில் சத்தத்துக்கு நடுவே எழுதியது. மற்றொன்று, போன தை மாதம் சேவுகம்பட்டியில் என் சித்தி வீட்டுக் கூடத்தில், பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதியது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. எது சரி என்று யோசித்துப் பார்த்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

சேவுகம்பட்டிக்கு நான் சினிமாப் பார்க்கப் போகவில்லை. தை மாதத்தில் அங்கே பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறைவிடும் விழா நடக்கும். கூடை கூடையாகப் பழத்தைக் கொண்டுவந்து, உயரத்தில் நின்று கூட்டத்தின்மேல் வாரி இறைப்பார்கள். அதற்குப் போயிருந்தேன். அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு, "அண்ணே, பாகுபலி ரெண்டு போடவா? புது டி.வி. வாங்கியிருக்கேன்" என்றான் தம்பி. நாற்பத்து மூன்று அங்குல டி.வி. சுவரில் மாட்டியிருந்தது. படம் இணையத்தின் வழியாக, அவனுடைய செல்போன் தயவில் வந்தது.

ஆரம்பமே வினோதமாக இருந்தது. திரையில் எல்லாரும் எண்ணெய் பூசிக்கொண்டதைப் போல வழுக்கி வழுக்கி நடந்தார்கள். மகிழ்மதியின் மகாராணி சிவகாமி தலையில் தீச்சட்டியோடு கோயிலுக்கு நடந்து வருகிறாள். மதம் பிடித்த யானை குறுக்கே ஓடி வருகிறது. கொட்டகையில் வயிற்றைப் பிசைந்த காட்சி. இங்கே அது மத்தியான்ன சீரியலைப் போல இருந்தது. காரணம் யானையிடம் இல்லை, டி.வி.யிடம் இருந்தது. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம்களாக ஓடுகிறது. அந்த லேசான விட்டு விட்டு வரும் தன்மைதான் சினிமாவுக்கு ஒரு கனவின் சாயலைத் தருகிறது. இந்தக் காலத்து டி.வி.க்களோ, இருபத்து நான்கு போதாதென்று, ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவே தாமாகவே சில படங்களைக் கற்பனை செய்து சொருகிவிடுகின்றன. செந்தில் குமார் ஒரு காமிராக்காரர் எடுத்த படத்தில் பாதியை, எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்த சில்லு எடுத்துக்கொண்டிருந்தது! செட்டிங்கில் தேடி அதை அணைத்தேன். "முன்னே நல்லாத்தானே இருந்துச்சு?" என்றான் தம்பி.

அடுத்தபடி இன்னொன்று. படம் அகலமானது. டி.வி.யில் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். பட்டை விழுந்தால் காசு நஷ்டம் என்று நினைத்து, தம்பி படத்தைப் பெரிதாக்கித் திரை முழுவதும் நிரப்பி வைத்திருந்தான். அப்படிச் செய்தால் இரண்டு பக்கமுமாகச் சேர்த்துப் படத்தில் கால் பங்கு வெட்டுப்பட்டுப் போகும். இது சின்ன விஷயமில்லை. தர்பாரில் ஒரு கோடியில் சிவகாமியும் மறு கோடியில் தேவசேனையும் நிற்கிறார்கள். நடுவே வெறும் தரை. அந்த வெறும் தரைதான் காட்சியின் உயிர். அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிற பெண்களை வெட்டிவிட்டுத் தரையை மாத்திரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதற்கெல்லாம் நாம் புதியவர்கள் அல்ல. வி.சி.டி. காலத்தில் படம் இரண்டு தட்டாக வரும். மிக முக்கியமான கட்டத்தில் முதல் தட்டு முடிந்துபோகும். படத்தின் அடியில் யாருடைய டெலிபோன் நம்பரோ ஊர்ந்துகொண்டே இருக்கும். நான் 'மாயா பஜா'ரை அப்படித்தான் பார்த்தேன். 1957-ல் வந்த படம். கறுப்பு வெள்ளை, வி.சி.டி.யில் சாம்பலும் கரியுமாகத் தெரிந்தது. ஆனாலும் கடோத்கசனாக ரங்கா ராவ் விருந்துக்கு முன்னால் உட்கார்ந்ததும், லட்டுகள் தாமே எழும்பி அவர் வாய்க்குள் போனதும், வீட்டில் இருந்த குழந்தை முதல் கிழவி வரை சிரித்தோம். அந்த லட்டை மார்க்கஸ் பார்ட்லி எப்படிப் பறக்கவிட்டார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பறக்கிறது லட்டு, ஆனால் நாம் பார்ப்பது ரங்கா ராவின் முகத்தை. தந்திரக் காட்சி ஒரு பாத்திரத்தின் முகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை எத்தனை மோசமான பிரதியிலும் அது பிழைத்துக்கொள்ளும் என்பது என் அபிப்பிராயம். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு பார்த்தேன்.

பட்டையைத் திரும்ப வரவழைத்த பிறகு, படத்தின் நடுப்பகுதி என்னைத் திகைக்க வைத்தது. கொட்டகையில் இவ்வளவு நன்றாக இருந்ததாக ஞாபகம் இல்லை. சிவகாமி, தான் முகம்கூடப் பார்க்காத ஒரு பெண்ணைத் தன் மகன் பல்வாள்தேவனுக்கு மணமுடித்து வைப்பதாக வாக்குக் கொடுத்துவிடுகிறாள். அந்தப் பெண் தேவசேனை. அவளோ அமரேந்திர பாகுபலியை வரித்தவள். அவ்வளவுதான் கதை. மீதி எல்லாம் அதிலிருந்து தானே முளைக்கிறது. தசரதன் காலத்திலிருந்து நம் கதைகளுக்கு விதை, யோசிக்காமல் கொடுத்த ஒரு வாக்குத்தான். சிவகாமி கெட்டவளில்லை, நீதி தவறாதவள் என்ற தன் பெயருக்கு அடிமைப்பட்டவள். ரம்யா கிருஷ்ணன் கண்ணை உருட்டுகிறார் என்று 2017-ல் நானும் சொல்லியிருக்கிறேன். சிறிய திரையில் அருகிலிருந்து பார்த்தபோது, அந்தக் கண்களுக்குப் பின்னால் ஒரு பயம் இருப்பது தெரிந்தது. தன் வார்த்தை தோற்றுவிடுமோ என்ற பயம்.

சித்தி அதுவரை வெற்றிலையை மென்றுகொண்டு அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். தேவசேனை தர்பாரில் எதிர்த்துப் பேசத் தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மாமியாக்காரி ஒரு வார்த்தை பொண்ணுகிட்டக் கேட்டிருந்தா, இம்புட்டுச் சண்டை எதுக்குப்பா?" என்றாள். விமரிசகர்கள் நாலு பக்கம் எழுதியதை ஒரே வரியில் முடித்துவிட்டாள். கோயில் வரிசையில் பெண்களைத் தொட்ட சேதுபதியின் விரல்களைத் தேவசேனை வெட்டிவிடுகிறாள்; விசாரணைக்கு வந்த பாகுபலி, விரல் போதாதென்று தலையையே எடுத்துவிடுகிறான். அந்த இடத்தில் சித்தி கையைத் தட்டினாள். நாற்பத்து மூன்று அங்குலம் அவளுக்குக் குறைவாகவே படவில்லை.

ஆனால் ஒரு காட்சி கூடத்தில் அடியோடு படுத்துவிட்டது. பல்வாள்தேவன் முடிசூடுகிறான், பாகுபலி தளபதியாகப் பிரமாணம் எடுக்கிறான், ஜனங்கள் எழுப்புகிற கோஷத்தில் பூமி அதிர்கிறது. திண்டுக்கல் கொட்டகையில் அந்த அதிர்ச்சியில் பாதி, எங்களுடைய காலடியிலிருந்துதான் வந்தது. இங்கே சித்தியின் கையில் ரிமோட். பேச்சு காதில் விழவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவாள். முரசு முழங்கினால் குழந்தை விழித்துவிடும் என்று குறைப்பாள். மகிழ்மதியின் ஜனக்கூட்டம் பக்கத்து வீட்டுச் சந்தடிபோல ஒலித்தது. இதற்குப் படத்தையும் குறை சொல்ல முடியாது, டி.வி.யையும் குறை சொல்ல முடியாது. அன்று மத்தியானம் சூறைவிட்ட பழத்தில் ஒன்று என் தோளில் விழுந்து நசுங்கியது, சந்தோஷமாக இருந்தது. அதையே யாரோ செல்போனில் எடுத்ததைச் சாயங்காலம் காட்டினார்கள். 'அடடா, எவ்வளவு பழம் வீணாய்ப் போயிற்று' என்றுதான் தோன்றியது.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். கட்டப்பா பாகுபலியைக் கொல்லும் இடம் இரவு. சுற்றிலும் நெருப்பு, நடுவே இருட்டு. எங்கள் கூடத்தில் அந்த இருட்டு கட்டம் கட்டமாக உடைந்து, சாம்பல் நிறச் சதுரங்கப் பலகையாகிவிட்டது. இணையத்தில் படம் அனுப்புகிறவர்கள் அதை அழுத்திச் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். ஹெச்.டி. படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் இருந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. புளூ-ரே தட்டில் படத்துக்கு மாத்திரம் 40 மெகாபிட் வரை இடமுண்டு. எங்கள் செல்போனோ அந்த ஐந்துக்கே மூச்சு வாங்கியது. இப்படிச் சுருக்கும்போது முதலில் அடிபடுவது இருட்டும், புகையும், நெருப்பும்தான். இருபத்தோரு மாதம் காத்திருந்த விடை புகையும் நெருப்பும் இருட்டுமாக இருந்ததால், சத்யராஜின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் திட்டு இருந்தது. 'இந்தக் காட்சி தேறவில்லை' என்று எழுதிவிடலாமா என்று பார்த்தேன். மனசு கேட்கவில்லை. மறுநாள் விடியற்காலை, ஊர் உறங்கும்போது இணையம் வேகமாக இருக்கும் என்று தம்பி சொன்னதால், விளக்கை அணைத்துவிட்டு அந்த இருபது நிமிஷத்தை மாத்திரம் மீண்டும் பார்த்தேன்.

இந்தத் தடவை முகம் தெரிந்தது. சத்யராஜ் அழவில்லை, உடம்பு முழுவதும் இறுகிப்போய் நிற்கிறார். அதற்கு முன்னால், கொல்லச் சொன்ன ஆணையை அவர் மறுத்து மன்றாடியபோது, நீ செய்யாவிட்டால் நான் செய்கிறேன் என்று சிவகாமி சொல்லியிருக்கிறாள். தாய் மகனைக் கொன்றாள் என்ற பழி வேண்டாமென்று அடிமை கத்தியை எடுக்கிறான். நான் சாம்பல் திட்டு என்று தள்ளவிருந்தது, படத்தின் மிகச் சிறந்த நடிப்பு.

அப்படியானால் கடன் தீர்ந்ததா? முக்கால்வாசி தீர்ந்தது. மீதிக் கால்வாசியில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. கட்டப்பா அடிமை. அவன் முன்னோர்கள் சிம்மாசனத்துக்குக் கொடுத்த வாக்கு அவன் கழுத்தில் கிடக்கிறது. அந்த வாக்கு அவனைக் கொண்டு ஒரு நிரபராதியைக் கொல்ல வைத்தது. கொன்ற கையோடு, செத்தவனின் மகனிடமே அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். மகன் மகேந்திர பாகுபலி என்ன செய்ய வேண்டும்? ஒரு கணமாவது அந்தக் கிழவனை வெறுத்துப் பார்க்க வேண்டாமா? கிழவனாவது, இனி எந்தச் சிம்மாசனத்துக்கும் தலைவணங்க மாட்டேன் என்று நினைக்க வேண்டாமா? ஒன்றுமில்லை. கதை முடிந்த மறு நிமிஷமே போர் முரசு. பையன் கிழவனையும் கூட்டிக்கொண்டு யுத்தத்துக்குப் போய்விடுகிறான். கதாசிரியர் விஜயேந்திர பிரசாத் கேள்விக்குப் பதில் சொன்னார். அந்தப் பதிலைக் கேட்டவனுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல மறந்துவிட்டார். முதல் பாகத்தில் வாளெடுத்து நின்ற அவந்திகைக்கும் இதே கதிதான். இரண்டாம் பாகத்தில் அவளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த யுத்தமாவது நன்றாக இருக்கிறதா? விடியற்காலையில் இருட்டுக் காட்சியைப் பிழைக்க வைத்த அதே துல்லியம், யுத்தக் காட்சியைக் கொன்றுவிட்டது. வீரர்கள் மரங்களை வில்லாக வளைத்து, கேடயங்களை ஒட்டிக்கொண்டு உருண்டையாகிக் கோட்டைக்குள் பறந்து விழுகிறார்கள். முதல் நாள் இரவு மங்கலாகத் தெரிந்ததால் பாதி நம்பினேன். தெளிவாகப் பார்த்தபோது கம்ப்யூட்டர் பொம்மைகள் கம்ப்யூட்டர் பொம்மைகளாகவே தெரிந்தன. சித்திக்கு இரவிலேயே சந்தேகம். வாசலில் நாலு மரம் வைத்திருப்பவள் அவள். "மரத்தை இப்படி வளைச்சா முறிஞ்சுல போகும்?" என்று கேட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். பறக்கும் லட்டைக் கேள்வி கேட்காதவள் வளையும் மரத்தைக் கேட்கிறாள் என்றால், அந்த உருண்டைக்குள் முகம் இல்லை என்றுதான் அர்த்தம்.

2025 அக்டோபர் 31-ல் இரண்டு பாகங்களையும் ஒன்றாகச் சேர்த்து, ஏறக்குறைய மூன்றே முக்கால் மணி நேரப் படமாகக் கொட்டகைகளில் மறுபடி வெளியிட்டார்கள். அவந்திகையின் காதல் பகுதியில் பெரும்பாகத்தையும் சில பாட்டுக்களையும் எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டிருந்தால் பறக்கும் உருண்டையைத்தான் முதலில் எடுக்கச் சொல்லியிருப்பேன்.

காலையில் காப்பி குடிக்கும்போது, "ராத்திரி தூங்கிட்டேன், அந்த மருமக பேசுற இடத்தை மட்டும் போடுப்பா" என்றாள் சித்தி. போட்டேன். மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடுதான். முடிந்ததும் தம்பி வந்து ரிமோட்டை வாங்கி, நான் அணைத்து வைத்ததையெல்லாம் பழையபடி முடுக்கிவிட்டான். மத்தியானம் கிரிக்கெட் மாட்ச் இருந்ததாம். பந்து வழுக்கிக்கொண்டு வந்தால்தான் அவனுக்குப் பிடிக்குமாம்.