கோவையும் கோவைக்காயும்: ரெகெக்ஸ் மாற்றத்தின் எல்லை

எழுத்துகள் எந்த வரிசையில் வருகின்றன என்பதை விவரித்துத் தேடவும் மாற்றவும் உதவும் குறியீடு ரெகெக்ஸ். 1950களில் ஸ்டீபன் கிளீனியின் கணிதத்தில் பிறந்த இது, 1968இல் கென் தாம்சன் வெளியிட்ட தேடல் முறையால் கணினிப் பயன்பாட்டுக்கு வந்தது. தமிழ் வலைநிரலில் இதற்கு வாய்த்த பெரிய வேலை, பழைய எழுத்துருவில் கிடந்த பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றுவது. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் குறியாக்கத் தரங்களாக ஏற்றது. பழைய பக்கங்களை மறுபடி தட்டச்சு செய்வது ஆகிற காரியமில்லை.

இவ்வேலைக்கு ரெகெக்ஸ் கச்சிதமாகப் பொருந்துகிறது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் கொம்பு முன்னே, மெய் பின்னே. யூனிகோடில் மெய்தான் முன். விசைகளைத் தமிழ்க் குறிகளாக்கிய பின் ([ெேை])([க-ஹ]) என்று பிடித்து $2$1 என்று திருப்பினால், ஆயிரம் பக்கமானாலும் நொடியில் முடியும். ஆனால் 'கோ' இப்படி மாறும்போது இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவே நிற்கின்றன. திரையில் குறை தெரியாது. தேடுபெட்டியில் 'கோவை' என்று தட்டினால் அகப்படாது. பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கம் செய்தால் இது சரியாகும்.

ஔகாரம் இன்னும் வம்பு. அதன் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் பாமினியில் ஒரே விசை. கொம்பு, வகரம், ளகரம் சேர்ந்தால் 'வௌ' என்று விதி எழுதியவர் கையில் வெள்ளலூர் 'வௌ்ளலூர்' ஆகிவிடும். ளகரத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வரக்கூடாது என்ற நிபந்தனை சேர்த்தால் பெரும்பாலும் தீரும். இது கருவியின் குறையல்ல, விதியின் குறை.

கருவியே தோற்கும் இடம் வேறு. ஒரு தளத்தில் 'கோவை' வருமிடமெல்லாம் 'கோயம்புத்தூர்' என்று மாற்றினால் 'கோவையில்' என்பது 'கோயம்புத்தூர்யில்' ஆகும், திருக்கோவையார் என்ற நூற்பெயரும் தப்பாது. ஜாவாஸ்கிரிப்டின் சொல்லெல்லைக் குறி ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றையே சொல்லின் பகுதியாகக் கொள்வதால் தமிழுக்கு உதவாது. வேற்றுமை உருபுகளுக்கு அட்டவணை அமைத்து, மாற்றும் பொறுப்பைத் தனிச் செயற்கூறிடம் விடலாம்; கோவைக்காயையும் விலக்கிவிடலாம். தனித்து நிற்கும் 'கோவை' ஊரா, கொடியா, சிற்றிலக்கிய வகையா என்பதை எந்த விதியும் சொல்லாது. அங்கே ஒவ்வொரு மாற்றத்தையும் ஆள் பார்த்து ஒப்ப வேண்டியதுதான்.