பாக்டீரியாவுக்குத் துடுப்பு உதவாது

ஒரு செல் உயிரிகள் எவ்வாறு நகர்கின்றன என்று கேட்டால் நம் மாணவர் எழுதும் விடை எனக்கு மனப்பாடம். பரமீசியம் குற்றிழைகளைத் துடுப்புப்போல் வீசுகிறது. பாக்டீரியா கசையிழையைச் சாட்டைபோல் அசைக்கிறது. இவ்விடையில் உவமை உண்டு, இயற்பியல் இல்லை. இதை எனக்கு உணர்த்தியது எட்வர்ட் பர்செலின் 'தாழ் ரெனால்ட்ஸ் எண்ணில் வாழ்க்கை' என்னும் கட்டுரை. 1952-இல் நோபல் பரிசு பெற்ற இவ்வியற்பியலாரின் மேடைப் பேச்சு, பேச்சு நடை கெடாமல் 1977-இல் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழில் வெளிவந்தது.

துடுப்பை நிறுத்திய பின்னும் படகு சிறிது தூரம் ஓடும். இது நிலைமத்தின் வேலை. 2 மைக்ரான் நீளமுள்ள பாக்டீரியா, நொடிக்கு 30 மைக்ரான் வேகத்தில் செல்லும்போது உந்துதலை நிறுத்தினால் எவ்வளவு தூரம் ஓடும்? ஏறத்தாழ 0.1 ஆங்ஸ்ட்ராம், அதாவது ஹைட்ரஜன் அணுவின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு என்கிறார் பர்செல். அங்கே பாகுநிலையின் ஆட்சிதான். நிலைமத்தைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டியதில்லை. ஸ்டோக்ஸ் முறைச் சோதனையில் விளக்கெண்ணெய்க்குள் குண்டைப் போட்டு ஆண்டுதோறும் நேரம் குறிக்கிறோம். அந்த ஜாடிக்குள் ஓர் உயிரி நீந்தினால் என்ன ஆகும் என்று நாம் கேட்டதில்லை!

இத்தகைய உலகில், போன வழியே திரும்பும் அசைவு எதுவும் பயன் தராது. வேகமாகத் தள்ளி மெதுவாக இழுத்தாலும் உயிரி புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். ஆகவே ஒரே கீல் உள்ள சிப்பி இங்கே நீந்த இயலாது. படகோட்டி துடுப்பை நீருக்கு மேலே தூக்கித் திருப்பிவிடுகிறான். பரமீசியத்துக்கு அந்த வசதி ஏது? அதன் குற்றிழை விறைப்பாகத் தள்ளி, வளைந்து திரும்புகிறது. பாக்டீரியாவின் கசையிழையோ தக்கைத் திருகுபோல் சுழல்கிறது. 1974-இல் சில்வர்மன், சைமன் இருவரும் கசையிழையைக் கண்ணாடியில் ஒட்டவைத்தபோது, பாக்டீரியாவின் உடலே சுழன்றது.

இத்தனையும் தெளிவாகச் சொன்ன பர்செல் ஓரிடத்தில் அவசரப்பட்டுவிட்டார் என்பது என் கருத்து. மூன்று துண்டுகளை இரண்டு கீல்களால் இணைத்த ஒரு கற்பனை உயிரியை வரைந்து, அது செல்லும் திசையை அம்புக்குறியால் காட்டினார். சமச்சீரைக் கொண்டே இதை நிறுவலாம் என்று கூறி, அத்திசையின் சிறப்பு என்ன என்பதை மாணவருக்குப் பயிற்சியாக விட்டார். சமச்சீர் அது நேர்கோட்டில் செல்லும் என்று சொல்லுமே தவிர, முன்னா பின்னா என்று சொல்லாது. 2003-இல் பெக்கர், கோலர், ஸ்டோன் ஆகிய மூவரும் கணக்கிட்டுப் பார்த்ததில், கீல்கள் மடங்கும் கோணத்தைப் பொறுத்துத் திசையே மாறிவிடும் என்று தெரிந்தது. பர்செல் 1997-இலேயே மறைந்துவிட்டார்.

நோபல் பரிசாளரின் படமாயிற்றே என்று அம்புக்குறியை நம்பிய மாணவர் எத்தனை பேரோ! கட்டுரையை வகுப்பில் கட்டாயம் படிக்கத் தரலாம். அந்தப் பயிற்சியை மட்டும் கோணத்தின் அளவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.