பாடகர்களும் அவர்கள் சாவும்

கதை எழுதுகிறவனுக்குச் சாவு மிகவும் சௌகரியமான விஷயம். நானே ஒரு தொடர்கதையில், நல்ல ஆரோக்கியத்தோடு நடமாடிக்கொண்டிருந்த ஒருத்தியை இரண்டே அத்தியாயத்தில் சாகடித்திருக்கிறேன். அவள் தலைவிதி அதற்குக் காரணமல்ல. பத்திரிகையில் எனக்கு மீதியிருந்தது இரண்டு வாரம். வாசகர்கள் கண்ணீர் விட்டுக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களை நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அமெரிக்கக் கறுப்பர்களின் 'ரிதம் அண்ட் புளூஸ்' பாடகர்களைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படிக்கும்போது அதே வெட்கம் திரும்பி வருகிறது. முதலில் 'ரேஸ் ரிக்கார்டு', அதாவது ஓர் இனத்தாருக்கான இசைத்தட்டு, என்றுதான் அந்தச் சங்கீதத்துக்குப் பெயர். 1949-ம் வருஷம் 'பில்போர்டு' பத்திரிகை அதை மாற்றிற்று. புதுப் பெயரைச் சூட்டியவர் அதில் வேலை பார்த்த ஜெர்ரி வெக்ஸ்லர். இந்தச் சங்கீதத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் ஏனோ பாட்டை விட்டுவிட்டு நேரே மயானத்துக்குப் போய்விடுகிறார்கள். ஸாம் குக் 1964 டிசம்பரில், 33-வது வயதில், லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு விடுதியில் சுடப்பட்டுச் செத்தார். ஓட்டிஸ் ரெட்டிங் 1967 டிசம்பரில், 26 வயதில், விஸ்கான்ஸினில் ஓர் ஏரியில் விமானம் விழுந்து செத்தார். சில நாட்களுக்கு முன் அவர் பாடிப் பதிவு செய்திருந்த பாட்டு, அவர் போனபிறகு வெளிவந்து முதலிடத்தைப் பிடித்தது. இவையெல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றைச் சொல்லும்போது சொல்கிறவர் குரலில் ஒரு திருப்தி தட்டுகிறது. அதை நான் அறிவேன். என் தொழிலின் திருப்தி அது.

ஜானி ஏஸ் கதையைப் பாருங்கள். 1954 கிறிஸ்துமஸ் அன்று இரவு, டெக்ஸாஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகர மண்டபத்தில் கச்சேரி. நடுவில் ஓய்வு விட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து கைத்துப்பாக்கியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தவர், அதைத் தன் தலைக்கே வைத்துச் சுட்டுக்கொண்டார். வயது 25. மெம்பிஸ் நகரத்தில் நடந்த அடக்கத்துக்கு ஆயிரக்கணக்கில் ஜனங்கள் கூடினார்கள். 'பிளெட்ஜிங் மை லவ்' என்ற அவருடைய பாட்டு 1955-ல் கறுப்பர் சங்கீத வரிசையில் பத்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அஞ்சலிப் பாட்டுகள் கூட இசைத்தட்டாக வந்துவிட்டன.

அந்தப் பாட்டில் மரணத்தின் நிழல் தெரிகிறது என்று சொல்லாத ரசிகர் இல்லை. நானும் அப்படித்தான் கேட்டேன். பிறகு தெரிந்தது, அவர் சாவதற்கு மாதக்கணக்கில் முன்பே அது பதிவாகிவிட்டதென்று. திரும்பக் கேட்டேன். மெதுவாக நடக்கும் காதல் பாட்டு. கொஞ்சம் கூச்சமுள்ள குரல். உரக்கப் பாடினால் பக்கத்து வீட்டுக்காரர் விழித்துக்கொள்வார் என்பதுபோல் அடக்கமாகப் பாடுகிறார். பின்னால் வைப்ரஃபோன் மணிமணியாக உதிர்கிறது. வாசித்தவர் ஜானி ஓட்டிஸ். நிழலை நாம்தான் கொண்டுபோய் வைத்தோம்.

அன்று இரவு அதே கச்சேரியில் பாடியவர் பிக் மாமா தார்ன்டன். துப்பாக்கி வெடித்தபோது அவர் அங்கே இருந்தார். விசாரணையில் சாட்சியமும் சொன்னார். ஜானி ஏஸ் சரித்திரத்தில் அவருக்குக் கிடைத்த வேஷம் அவ்வளவுதான், சாட்சிக்காரி. ஆனால் அந்தச் சமயத்தில் அவர் சாமானியப் பாடகியல்ல. 'ஹவுண்ட் டாக்' பாட்டை 1952-ல் முதலில் பாடியவர் அவர். 1953-ல் அது ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. 1956-ல் எல்விஸ் பிரெஸ்லி அதையே பாடி உலகத்தை வாங்கிக்கொண்டார். தனக்கு அந்தப் பாட்டுக்காகக் கிடைத்தது ஒரே ஒரு 500 டாலர் செக்கு என்று தார்ன்டன் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

அந்த இரவுக்குப் பின் அவர் சுமார் முப்பது வருஷம் உயிரோடு இருந்தார். இதுதான் கதை எழுதுகிறவனுக்குத் தலைவலி. முப்பது வருஷத்தை என்ன செய்வது? பாடினார், குடித்தார், ஊர் ஊராகப் போனார். அவர் எழுதிய 'பால் அண்ட் செயின்' பாட்டை ஜானிஸ் ஜாப்ளின் பாடிப் புகழடைந்தார். ஆஜானுபாகுவாக இருந்த உடம்பு வற்றி எலும்பாயிற்று. 1984 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வாடகை அறையில், 57 வயதில், மாரடைப்பால் போனார். அடக்கச் சடங்கை நடத்திவைத்தவர், அதற்குள் பாதிரியாராகிவிட்டிருந்த ஜானி ஓட்டிஸ். நாற்பது வருஷம் கழித்து, 2024-ல், ராக் அண்ட் ரோல் கீர்த்தி மண்டபத்தில் பெயரைச் சேர்த்தார்கள்.

ஜாக்கி வில்ஸன் விஷயம் இன்னும் கஷ்டமானது. 1975 செப்டம்பர் 29-ம் தேதி, நியூ ஜெர்ஸியில் 'லோன்லி டியர்ட்ராப்ஸ்' பாடிக்கொண்டிருக்கையில் மேடையிலேயே சரிந்தார். நடிப்பு என்று நினைத்து ஜனங்கள் கை தட்டினார்கள் என்கிறார்கள். எல்லோரும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நானும் நாவலாசிரியனாக இங்கேதான் நிறுத்தியிருப்பேன். ஆனால் அந்த மனிதர் அன்று சாகவில்லை. பேச்சும் நடமாட்டமும் போய், எட்டு வருஷத்துக்கு மேல் படுக்கையில் கிடந்தார். 1984 ஜனவரியில்தான் உயிர் பிரிந்தது. புதைத்த இடத்தில் பெயர்க் கல்கூட இல்லை; 1987-ல் பணம் திரட்டி வைத்தார்கள். கைதட்டலைப் பற்றி எழுதாதவர் இல்லை. அந்த எட்டு வருஷத்தில் அவர் தலையணையைத் திருப்பிப் போட்டவர் யார் என்று யாரும் எழுதிக் காணோம்.

அப்படியானால் நல்ல மரணம் வாய்க்காதவர்கள் என்ன ஆனார்கள்? ரூத் பிரௌனைப் பார்க்கலாம். கார் விபத்தில் கால்கள் நொறுங்கி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே அட்லாண்டிக் கம்பெனியின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர். 1950-களின் முற்பகுதியில் அவர் பாட்டுகள் விற்ற விற்பனையில், அந்தக் கம்பெனியையே ரூத் கட்டிய வீடு என்று சொல்வார்கள். 1960-களில் அவர் வீட்டு வேலை செய்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். அந்த நாளைய ஒப்பந்தங்களின் சூட்சுமம் இதுதான்: பாட்டைப் பதிவு செய்யும் செலவு பாடகர் கணக்கில் பற்று எழுதப்படும், தட்டு எத்தனை விற்றாலும் அவர் கடன்காரராகவே இருப்பார். நம் பண்ணையாட்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

ரூத் பிரௌன் வக்கீல் வைத்து வழக்காடினார். வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். 1988-ல் கம்பெனி இறங்கி வந்தது. அவருக்கும் இன்னும் பல பழைய பாடகர்களுக்கும் கடனைத் தள்ளிப் பாக்கியைக் கொடுத்தது. கஷ்டப்படும் கலைஞர்களுக்காக ரிதம் அண்ட் புளூஸ் ஸ்தாபனம் ஒன்று உண்டாக 15 லட்சம் டாலரும் கொடுத்தது. 2006-ல், 78 வயதில், ரூத் பிரௌன் காலமானார். அந்தச் சாவில் கதை ஒன்றுமில்லை. கணக்குக் கேட்க ஆள் உயிரோடு இருந்ததுதான் அவர் கதை. ஜானி ஏஸின் ரசிகர்கள் நெஞ்சுருகி அழுதார்கள், கணக்கைக் கேட்டார்களா?

அழக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அந்த 'பிளெட்ஜிங் மை லவ்' கேட்டால் தொண்டை அடைக்கிறது. ஆனால் அதைக் கேட்டவுடன் தார்ன்டனின் 'ஹவுண்ட் டாக்'கையும் போட்டுக் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அதிலும் ஜானி ஓட்டிஸ் இருக்கிறார், டிரம் அடித்துக்கொண்டு. வாசலுக்கு வந்து நிற்கும் உதவாக்கரை ஆண்பிள்ளை ஒருவனை அந்த அம்மாள் உறுமி விரட்டுகிறார். கிதார்க்காரரை இடையிடையே கூப்பிட்டு உசுப்பிவிடுகிறார். கடைசியில் பக்கவாத்தியக்காரர்கள் வாத்தியத்தை விட்டுவிட்டு, நாயைப் போல் குரைத்து ஊளையிட ஆரம்பித்துவிடுகிறார்கள்.